பற்று மட்டும் போதாது. வழக்குரைக்கக் கற்க வேண்டும்!

தமிழ்ப்பற்று என்பது வேறு. தமிழுக்காக வழக்குரைக்கும் திறம் என்பது வேறு. முன்னது நெஞ்சில் தானே தோன்றுவது. பின்னது கற்று, பழகி, பிழைபட்டு, திருந்திக் கைவரப் பெறுவது. முன்னது உடையாரிடம் பின்னதும் தானாகவே வந்து அமையும் என்று எண்ணியிருப்பது, தமிழ் நலம் நாடுவார் பலரிடத்தும் நெடுநாளாக நிலவி வரும் மயக்கமாகும்.

இம்மயக்கத்தால் விளைந்த இழப்பு சிறிதன்று. தமிழின்பால் அளவிறந்த அன்பு கொண்ட இளைஞர் ஒருவரிடம் தாளும் எழுதுகோலும் தந்து, "தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்பதை, அதனை வேண்டாதார் ஒருவர் படித்து ஒப்புக்கொள்ளுமாறு நான்கு பக்கம் எழுதுக" என்று கேட்டுப் பாருங்கள். முதற்பக்கத்தில் தமிழின் தொன்மை இருக்கும். இரண்டாம் பக்கத்தில் அதன் இனிமை இருக்கும். மூன்றாம் பக்கத்தில் மாற்றார்மேல் வசை இருக்கும். நான்காம் பக்கத்தில் "தமிழா, எழுக!" என்னும் விளி இருக்கும். கேட்ட வினாவுக்கு உரிய விடை மட்டும் எந்தப் பக்கத்திலும் இராது. தொன்மையான மொழி என்பதனாலேயே ஒரு மொழி பயிற்றுமொழி ஆகிவிடாது, இனிமையும் அவ்வாறே. தாய்மொழியில் பயிலும் குழவி பொருளை எவ்வாறு விரைந்து பற்றுகின்றது, அயன்மொழியில் பயிலுங்கால் எங்கே இடறுகின்றது, தமிழில் பயின்றவனுக்கு மேற்படிப்பும் வேலையும் எவ்வாறு கிட்டும் என்பனவே படிப்பவர் கேட்கும் வினாக்கள். அவற்றைத் தொடாத கட்டுரை, முன்பே உடன்பட்டவரை மகிழ்விக்கும். உடன்படாதவரை ஓர் அடியேனும் நகர்த்தாது.

இதற்காக அவ்விளைஞரைக் கடிந்து பயனில்லை. செயங்கொண்டத்துப் பள்ளியாயினும் சென்னைப் பள்ளியாயினும் கட்டுரை என்பது இன்று பெரும்பாலும் நெட்டுருப் போட்டு இறக்கி வைக்கும் சுமையே. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்றறை வீட்டைத் தேர்வு முறையே கட்டித் தந்துவிடுகின்றது. உள்ளே வைக்க வேண்டிய பொருள்களைக் கடையில் விற்கும் வழிகாட்டி நூல்கள் தந்துவிடுகின்றன. தூக்கிச் சென்று வைப்பது ஒன்றே மாணவன் வேலை. தலைப்புகளோ 'மரம் வளர்ப்போம்', 'நூலகத்தின் பயன்' என்பன போன்றவை. மரம் வளர்க்கக் கூடாது என்பார் யார்? நூலகம் பயனற்றது என்று வழக்காடுவார் யார்? மறுப்பார் இல்லாத பொருளில் வழக்கு இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் ஏரணம் பிறவாது. பன்னிரண்டாண்டு பள்ளியில் இருந்தும், எதிரில் ஒருவன் நின்று 'ஏன்?' என்று கேட்பதாக எண்ணி ஒரு பத்தியேனும் எழுதாமலே வெளிவரும் பிள்ளைகள் எத்தனை பேர்!

இது மதிப்பெண்ணோடு முடியும் குறையன்று. வழக்குரைக்கத் தெரியாத மக்களின் உடைமை பிறர் கையில் இருக்கும். செயங்கொண்டத்திற்கு அணித்தே உள்ள கங்கைகொண்ட சோழபுரமே இதற்குச் சான்று. இராசேந்திர சோழன் எடுத்த அப்பெருங்கோயிலைச் சூழ்ந்திருந்த கருங்கல் மதில், 1836-இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது பெயர்த்தெடுக்கப்பட்டது. அவ்வூரார் தம்மால் இயன்ற மட்டும் தடுத்தனர் என்றும், கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக அவர்களுக்கு உறுதி கூறப்பட்டது என்றும், அவ்வுறுதி நிறைவேற்றப்படவில்லை என்றும் 1855-இல் வெளிவந்த தென்னிந்திய விளக்கச் சுவடி ஒன்று குறித்து வைத்துள்ளது. அதுவும் ஆங்கிலத்தில் பிறர் எழுதியது. அவ்வூரார் என்ன சொல்லித் தடுத்தனர், எக்கரணியங்களை எடுத்து வைத்தனர், யாரிடம் முறையிட்டனர் என்பன இன்று யாராலும் எடுத்துக்காட்டப்படுவதில்லை. ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டுகளைத் தாங்கிய மண்ணின் மக்களது குரல், அயலார் நூலில் சில வரிகளாகச் சுருங்கிக் கிடக்கின்றது.

பழங்கதை என்று இதனை ஒதுக்கவும் இயலாது. செயங்கொண்டத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் திட்டத்திற்கென்று 1990-களில் உழவர் நிலங்கள் எடுக்கப்பட்டன. இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அங்குச் சுரங்கம் எழவில்லை. இழப்பீடு போதாதென்று உழவர்கள் ஆண்டுக்கணக்கில் முறைமன்றப் படிகளை ஏறி இறங்கினர். இத்தகைய வழக்கில் "எம் முன்னோர் நிலம், எம் உயிரினும் மேலானது" என்பது உண்மையே ஆயினும், அவ்வொரு வரியால் தீர்ப்பு மாறாது. நிலத்தின் அளவு யாது? ஆண்டுக்கு எத்தனை போகம்? கிணறு உண்டா? அதே ஊரில் அண்மையில் விற்ற நிலத்தின் விலை என்ன? இவற்றை வரிசையாக அடுக்கி, 'ஆகலின் இத்துணை இழப்பீடு வேண்டும்' என்று முடிக்கும் எழுத்தே அலுவலரையும் நடுவரையும் அசைக்கும். அவ்வெழுத்தை வீட்டுப் பிள்ளையே எழுதவல்லதாயின், தந்தை முறையீடு எழுதுவோரைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

வழக்குரைக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று; மேலையாரிடம் இரந்து பெற வேண்டியதும் அன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு பகுதிக்கு வழக்குரை காதை என்றே பெயர். கண்ணகி பாண்டியன் அவையில் நின்று அழுது மட்டும் வெல்லவில்லை. முதலில் தான் யார், எவ்வூர், அவ்வூர் மன்னர் முறைசெய்த வரலாறு யாது என்பவற்றை நிறுத்தினாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்று மன்னன் தன் கொள்கையைச் சொன்னான். அக்கொள்கையை அவள் மறுக்கவே இல்லை! தன் கணவன் கள்வனா என்பது ஒன்றையே வழக்காக்கினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னன் வாயாலேயே வெளிவந்தது. சிலம்பை உடைக்கும் முன்பே, எது தெரிந்தால் யார் வென்றார் என்பது இருவர்க்கும் பொதுவாக உறுதியாகிவிட்டது. அதன்பின் உடைந்த சிலம்பு பேசிற்று. வேறு சொல் வேண்டியிருக்கவில்லை. மாற்றான் ஒப்புக்கொண்ட அளவுகோலைக் கொண்டே மாற்றானை வெல்லுதல் என்பது இதுதான். அவள் சீற்றம் பெரிது. ஆயினும் வழக்கை வென்றது சான்று.

மணிமேகலையில் பல கொள்கையினரும் தத்தம் கோட்பாட்டை எடுத்துரைக்கும் பகுதி உண்டு. அதன் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள், நாட்ட விரும்பும் கூற்று, அதற்குரிய ஏது, அதனை விளக்கும் எடுத்துக்காட்டு என்னும் உறுப்புகளையும், அவை ஒவ்வொன்றும் எவ்வெவ்வாறு பழுதுபடும் என்பதனையும் விரித்துரைக்கின்றார். மலையில் புகை எழுவது கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவதற்கு அடுக்களையே அவர் காட்டும் எடுத்துக்காட்டு. பள்ளிப் பிள்ளைக்கு இதனினும் எளிதாக ஏரணம் கற்பிக்க யாரால் இயலும்?

நன்னூலாரோ, நூல் எழுதுவார் கொள்ளத்தக்க நிலைகளை ஏழாக வகுத்துத் தந்துள்ளார். பிறர் சொன்னது சரியாயின் உடன்படலாம், தவறாயின் மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பின்னர்க் களையலாம், தானே ஒன்றை நாட்டி அதனை இறுதிவரை நிலைநிறுத்தலாம், இருவர் முரண்பட்டு நிற்கையில் ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சாராது தன் கொள்கையே கொள்ளலாம். இவ்வேழனுள் முதலாவதாக நிற்பது மறுப்பன்று, உடன்பாடு என்பதனை ஊன்றிக் காண்க. மாற்றார் கூற்றில் மெய்யாக உள்ளதை ஒப்புக்கொள்ளும் எழுத்தாளனைத்தான் படிப்பவர் நம்புவர். எல்லாவற்றையும் மறுப்பவன் எதனையும் ஆராய்ந்தவன் அல்லன் என்பது அவர்க்குத் தெரியும். இவ்வேழும் நூற்பாவாக உருப்போடப்படுகின்றன. இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதப்படுகின்றன. அடுத்த மணியில் எழுதும் கட்டுரையில் ஒருவரும் அவற்றைக் கையாள்வதில்லை. மருந்தின் பெயரை உருப்போட்டு, மருந்தை உண்ணாமல் விடுவது போன்றது இது.

அண்மைக் காலத்தில் இக்கலை தமிழுக்கு ஈட்டித்தந்த வெற்றியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் முயற்சி எழுந்தபோது, சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞர், பூரணலிங்கனாரோடு சேர்ந்து அதனை எதிர்த்தார், முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த தம் 'தமிழ் மொழியின் வரலாறு' நூலில் அவர் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவினார். நிறுவிய முறைதான் கற்கத்தக்கது. தமிழைப் புகழ்ந்து அவர் தொடங்கவில்லை. உயர்மொழி என்பது யாது, தனிமொழி என்பது யாது, செம்மொழி என்பது யாது என்று மூன்று சொற்களுக்கும் முதலில் வரையறை தந்தார். அவ்வரையறை எம்மொழிக்கும் பொதுவானது. அதன்பிறகே தமிழ் அம்மூன்றற்கும் பொருந்துதலைக் காட்டினார். 1903 நவம்பர் 2-ஆம் நாள், தம் முப்பத்து மூன்றாம் அகவையில் அவர் மறைந்தார். அவர் வகுத்த வழக்கு மறையவில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2000 ஏப்பிரல் 11-ஆம் நாளிட்டு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பெர்க்கிலி வளாகத் தமிழ்ப் பேராசிரியர் சியார்சு ஆர்ட்டு, தமிழ் செம்மொழியே என்று ஒரு மடல் வரைந்தார். அம்மடலின் கட்டமைப்பு ஒவ்வொரு தமிழாசிரியரும் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்கது. தாம் ஆர்வர்டில் 1970-இல் முனைவர் பட்டம் பெற்றது வடமொழியில் என்பதை அவர் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். 'இவர் தமிழ்ச் சார்பினர்' என்னும் ஐயம் எழுமுன்னே அதன் வேர் அறுந்தது. அடுத்து, தொன்மை, வடமொழியிலிருந்து பெறப்படாத தனி இலக்கிய மரபு, உலகப் பேரிலக்கியங்களோடு ஒருங்கு வைக்கத்தக்க தரம், இந்தியப் பண்பாட்டின் மூல ஊற்றுகளுள் ஒன்றாதல் என நான்கு கரணியங்களை எண்ணி அடுக்கினார். இறுதியில், தமிழை ஏற்றால் பிற மொழியினரும் கேட்பரே என்னும் அச்சத்தையும் தாமே எடுத்து விடை கூறினார். வசை ஒரு சொல்லும் இல்லை. பிறமொழி எதனையும் அவர் இழித்துரைக்கவும் இல்லை. 2004 அக்டோபர் 12-ஆம் நாள் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. பரிதிமாற் கலைஞர் தொடங்கி எத்தனையோ அறிஞரும் அமைப்பினரும் ஆண்டுதோறும் விடுத்த வேண்டுகையே அவ்வறிவிப்பின் அடித்தளம். அவ்வேண்டுகைக்கு எலும்பாய் நின்றது ஏரணம்.

அளவுகோலின் ஆற்றலை இன்னொரு செய்தியும் காட்டும். 2004-இல் செம்மொழிக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மை போதும் என்றிருந்தது. அடுத்த ஆண்டே அவ்வரம்பு ஆயிரத்தைந்நூறு முதல் ஈராயிரம் ஆண்டு என்று மாற்றப்பட்டது. வரையறையை வகுப்பவர் யாரோ, அவர் கையில் வழக்கின் பாதி இருக்கின்றது. அதே 2004-ஆம் ஆண்டில்தான் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலும் தாராசுரத்துக் கோயிலும், 1987-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்க்கப்பட்டன. அழகிய கோயில் என்பதனால் மட்டும் அப்பட்டியலில் எதுவும் ஏறிவிடுவதில்லை. வகுத்துரைத்த அளவைகளுள் எதற்கு எவ்வாறு பொருந்துகின்றது என்று எழுத்தில் நிறுவிக் காட்டல் வேண்டும். 1836-இல் மதிலை இழந்த கல்லுக்கு, 2004-இல் காப்பாய் வந்தது எழுத்தே.

எனின், தமிழியக்க எழுத்துகளில் இன்று காணும் குறைகள் யாவை? முதலாவது, மிகைபடக் கூறல். ஒரு கல்வெட்டின் காலத்தை ஓராயிரம் ஆண்டு கூட்டிச் சொல்லும் ஒரு வரி, அதனோடு உள்ள ஒன்பது உண்மைச் சான்றுகளையும் ஐயத்திற்கு ஆளாக்கிவிடும். மாற்றான் அவ்வொன்பதைத் தொடான். அந்த ஒரு வரியையே பற்றி இழுப்பான். இரண்டாவது, மற்றொன்று விரித்தல். கடைப் பலகையைப் பற்றித் தொடங்கிய கட்டுரை கடல்கொண்ட நாட்டில் போய் முடிகின்றது. மூன்றாவது, மாற்றான் சொல்லாததை அவன் சொன்னதாக வைத்து அதனை வீழ்த்துதல். வைக்கோல் பொம்மையை வெட்டியவனுக்கு வாகை சூட்டுவார் இல்லை. முதலிரண்டும் நன்னூலார் அன்றே பெயரிட்டு விலக்கிய குற்றங்கள். தூய தமிழில் எழுதப்பட்டன என்பதனால் அவை குணங்கள் ஆகிவிடா.

இனி, கற்பிக்கும் வகை யாது? செயங்கொண்டத்துக் கடைத்தெருவையே பாடநூலாகக் கொள்ளலாம். 'இத்தெருவின் பெயர்ப்பலகைகளில் தமிழே முதலிடம் பெறுதல் வேண்டும்' என்பது தலைப்பாகட்டும். முதல் நாள் மாணவர் எழுத வேண்டுவதில்லை, எண்ண வேண்டும். மொத்தக் கடைகள் எத்தனை? தமிழ்ப் பலகை எத்தனை? ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதி வைத்தவை எத்தனை? அங்கு வாங்க வருவோர் எவ்வெவ்வூரார்? இரண்டாம் நாள், ஆங்கிலப் பலகை வைத்துள்ள கடைக்காரர் இருவரை அணுகி, 'ஐயா, இவ்வாறு வைத்தது எதனால்?' என்று பணிவோடு கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதி வருதல் வேண்டும். வெளியூர் வணிகர்க்குப் புரிய வேண்டும் என்பார் ஒருவர். நிறுவனம் அனுப்பிய பலகை இது என்பார் மற்றொருவர். ஆங்கிலப் பெயருக்கு மதிப்பு மிகுதி என்பார் இன்னொருவர். மூன்றாம் நாள், அக்கடைக்காரர் சார்பிலேயே மாணவன் ஒரு பக்கம் எழுதட்டும். படித்த கடைக்காரர் 'ஆம், யான் எண்ணியதும் இதுவே' என்னும் அளவுக்கு அது நேர்மையாக இருத்தல் வேண்டும். மாற்றான் கருத்தை மாற்றானினும் தெளிவாக எழுதத் தெரிந்தவனே அதனை மறுக்கும் உரிமை பெறுகின்றான்.

நான்காம் நாள் தன் வழக்கை எழுதட்டும். தமிழ்ப் பலகைக்குத் தமிழ்நாட்டில் விதி முன்பே உண்டு. அவ்விதி பிறமொழியைத் தடுக்கவில்லை, தமிழுக்கு முதன்மை கேட்கின்றது என்று காட்டட்டும். வெளியூரார்க்குப் புரிய வேண்டும் என்னும் கரணியத்தை ஒப்புக்கொண்டு, தமிழ் மேலே பெரிதாகவும் ஆங்கிலம் கீழே சிறிதாகவும் அமைந்தால் அந்நோக்கம் கெடாது என்று விடை தரட்டும். தான் எண்ணி வந்த கணக்கைச் சான்றாக வைக்கட்டும். தமிழ்ச்சொல் இல்லை என்பார்க்குச் சொல்லையே கையில் தரட்டும். 1916-இல் மறைமலையடிகளார் தனித்தமிழ் நெறியைத் தொடங்கிய பின்னர், அவர் மகளார் நீலாம்பிகை அம்மையார் செய்ததும் அதுவே. 'வடசொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல் ஏது?' என்று வினவினார்க்கு அவர் தந்த விடை, வடசொற்களையும் அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களையும் நிரல்படுத்திய அகரவரிசை நூல். ஐந்தாம் நாள், மாணவன் எழுதியதைப் படித்துக் காட்டிக் கடைக்காரர் மனம் எங்கே இளகிற்று, எங்கே இறுகிற்று என்று கேட்டறிந்து திருத்தட்டும். கட்டுரைக்கு அவரினும் சிறந்த தேர்வாளர் யார்? பாவாணர் 'உயர்தரக் கட்டுரை இலக்கணம்' முதலிய நூல்களை மாணவர்க்கென்றே எழுதியது, சொல்லாராய்ச்சி செய்தாலன்றிச் செய்தியைச் செவ்விதின் சொல்லவும் தமிழ் மாணவன் கற்றாக வேண்டும் என்பதனாலேயே அன்றோ!

"ஏரணத்தாலா இயக்கம் வளர்ந்தது? உணர்ச்சியால் அன்றோ 1938-லும் 1965-லும் தமிழர் திரண்டனர்!" என்று கேட்பார் உளர். அக்கேள்வி புறக்கணிக்கத்தக்கது அன்று. உணர்ச்சி இன்றேல் ஒருவரும் தெருவுக்கு வந்திரார், உயிர் தந்திரார். ஆயினும் 1937-இல் மறைமலையடிகளார் எழுதிய நூலின் பெயர் 'இந்தி பொது மொழியா?' என்பது. தலைப்பே ஒரு வினா. மாற்றாரின் தலைமையான கூற்றை எடுத்து அவை நடுவே நிறுத்தி, 'இது மெய்தானா?' என்று கேட்கின்றது அது. தெருவில் எழுந்த குரலுக்கு மேசைமேல் எழுந்த எழுத்து துணை நின்றது. 1940-இல் கட்டாய இந்தி நீங்கிற்று. உணர்ச்சி உலைத்தீ, ஏரணம் உலையில் வடிக்கும் கருவி. தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தால் கரிதான் மிஞ்சும்.

தமிழாசிரியர்கள் இதனைத் தம் வகுப்பறைக் கடமையாகக் கொள்வார்களாக. கிழமைக்கு ஒரு மணியேனும், மறுப்பார் உள்ள ஒரு பொருளைப் பிள்ளைகள்முன் வைப்பார்களாக. அதற்கு மதிப்பெண் இல்லை என்று தயங்க வேண்டுவதில்லை. அம்மணியில் கற்றதற்கு வாழ்க்கை மதிப்பெண் இடும். பெற்றோர், தம் பிள்ளை உருப்போட்டு ஒப்பித்த கட்டுரையைக் கேட்டு மகிழ்வதை விடுத்து, 'இதனை மறுப்பவர்க்கு உன் விடை என்ன?' என்று ஒரு வினா கேட்பார்களாக. தமிழ் மன்றங்கள் பாராட்டுரைப் போட்டிகளைக் குறைத்து, வழக்குரைப் போட்டிகளைப் பெருக்குவனவாக.

இனி ஒரு மதில் பெயர்க்கப்படுமாயின், இனி ஒரு நிலம் எடுக்கப்படுமாயின், இனி ஒரு பாடத்திட்டத்தில் தமிழ் பின்தள்ளப்படுமாயின், அதனைத் தடுக்க எழும் முதல் தாள், செயங்கொண்டத்துப் பிள்ளை ஒருவரின் கையால், நல்ல தமிழில், அசைக்கவொண்ணாச் சான்றுகளோடு எழுதப்பட்டதாக இருக்கட்டும்!